செட்டிநாட்டு மொட்டைமாடியில் நுண்விண்கல் தேடும் முறை

2008 செப்டம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த விண்கல் நூறு கிலோவுக்கு மேல். அந்த மாதிரிக் கல்லைச் செட்டிநாட்டுச் செம்மண்ணில் தேடி அலைய வேண்டாம். இங்கே கறுத்துக் கனத்துக் கிடப்பவை அநேகமாகச் செம்புறாங்கல் அல்லது இரும்புக் கிட்டம். பழைய விண்கல் இருந்திருந்தாலும் மழையில் துருவேறி உதிர்ந்திருக்கும். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்விண்கற்கள் அப்படியல்ல, எல்லா வீட்டின் மேலும் விழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கல் வகை.

நார்வேயின் ஜாஸ் இசைக்கலைஞரும் நுண்விண்கல் ஆர்வலருமான யோன் லார்சன், ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் திரண்ட சுமார் 300 கிலோ கசடை அலசி 500 துகள்களைப் பிரித்தார். ஆய்வு 2017-ல் வெளியானது. கிலோவுக்கு இரண்டுகூடத் தேறவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஓட்டுக் கூரை உதவாது. நாலு பக்கத் தண்ணீரும் வளவு முற்றத்தில் கொட்டி, அங்கிருந்து கழுவிப் போய்விடும். கைப்பிடிச்சுவர் வைத்த, சில வருடங்களாகக் கூட்டாத சிமென்ட் மாடிதான் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்து மாடியை விடுங்கள். புரட்டாசியில் அள்ளுவது நல்லது: ஐப்பசி மழை அடித்துப் போகாது, தீபாவளி மத்தாப்பின் இரும்புக் குண்டுமணிகளும் புதிதாகச் சேர்ந்திருக்காது.

மழைநீர்க் குழாய் வாயருகே தேங்கிய கசடில் இரண்டு கிலோ எடுங்கள். வாளித் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கலக்கி, பத்து வினாடி நின்றதும் கலங்கலை மட்டும் வடியுங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பச் செய்து, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழும் பொடியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காந்தம். நியோடிமியம் காந்தத்தை ஜிப் கவருக்குள் போட்டு, பொடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே நகர்த்துங்கள். பொடிக்குள் அழுத்தினால் செம்புறாங்கல் துகளே அப்பிக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கண்ணாடி வகை நுண்விண்கல் காந்தத்துக்கு வராது என்பதால் மிச்சப் பொடியையும் எறியாதீர்கள்.

ஒட்டியதை வெள்ளைத் தாளில் பரப்பி 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். செம்புறாங்கல் பழுப்பாக, மினுக்கமின்றி இருக்கும். ஊசியால் அழுத்தினால் சிவப்புப் பொடியாகும். வெல்டிங் மணி வழவழவென்று, பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக இருக்கும். தேடும் கல், கறுப்புப் பரப்பில் இணைகோடுகள் வரிவரியாக ஓடுவது. அவை ஆலிவின் என்னும் மக்னீசியம்–இரும்பு சிலிக்கேட் கனிமத்தின் படிகங்கள்: தரையிலிருந்து 80–100 கிலோமீட்டர் உயரத்தில் உருகிய துளி, சில வினாடிகளில் உறைந்ததன் அடையாளம். சிலவற்றின் ஒரு முனையில் இரும்பு–நிக்கல் மணி துருத்தி நிற்கும். காற்று துளியைத் தடுத்து நிறுத்தும்போது கனமான உலோகம் முன்னோக்கித் தள்ளப்படுவதால் வருவது அது. ஈர்க்கு நுனியை நனைத்து எடுங்கள், இடுக்கி நசுக்கிவிடும்.

கண்ணால் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. மின்னணு நுண்நோக்கியில் தனிமப் பகுப்பு வேண்டும். காரைக்குடியிலேயே சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால் அங்கே விசாரிக்கலாம். மக்னீசிய அணுக்களும் சிலிக்கன் அணுக்களும் ஏறக்குறையச் சமமாகவும், சோடியம் அநேகமாக ஆவியாகிப் போயும் இருக்க வேண்டும். நிக்கல் இல்லையே என்று ஒதுக்காதீர்கள். உலோக மணி கழன்று விழுந்திருந்தால் நிக்கலும் அதோடு போயிருக்கும்.

எங்கிருந்து வந்தது என்பதை ஆக்ஸிஜன் ஐசோடோப்புகள், அதாவது எடை வேறுபட்ட ஆக்ஸிஜன் அணுக்களின் விகிதம், சொல்லும். 2021-ல் வெளியான அன்டார்க்டிகா ஆய்வின்படி, ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் விண்தூசி தரை சேர்கிறது. ஏறக்குறைய 80 சதவீதம் வால்மீன்களுடையது, மிச்சம் சிறுகோள்களுடையது. வெஸ்டா போன்ற, உருகி அடுக்கடுக்காகப் பிரிந்த சிறுகோளின் துகள் மிக மிக அரிது. இரும்பு–மாங்கனீசு விகிதம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு துகளையும் குழி வைத்த கண்ணாடித் தகட்டில் தனித்தனியாக வைத்து, ஊர், மாடி வகை, அள்ளிய தேதி எழுதி ஒட்டுங்கள். எந்த மாடியில் எடுத்தது என்று தெரியாத துகளை ஆய்வகத்தில் பொருட்படுத்த மாட்டார்கள்.