மென்பொருள் வாங்கியும் ஆர்டர் தேங்குகிறதா? தொழிலைக் கணினிக்கு மாற்றுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் இன்றைக்கு தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கும் வெப்சைட் இருக்கிறது, பலகாரக் கடைக்கும் வாட்ஸ்அப் கேட்டலாக் இருக்கிறது. பில் போட டேலி, சரக்குக்கு ஒரு மென்பொருள், கூரியருக்கு வேறொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே ஓடும். ஆனால் வீடு கட்டுகிறவர் போன் போட்டு “என் கல் எப்பங்க வரும்?” என்று கேட்டால், கடையில் இருக்கும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

வேலைகளைத் துண்டு துண்டாகப் பார்க்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்ன போகிறது, எங்கே தேங்குகிறது, எது திரும்பி வந்து எதைப் பாதிக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அமைப்புச் சிந்தனை என்று பெயர். இதை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர். கணினிப் பொறியாளராக இருந்து 1956-ல் அங்குள்ள மேலாண்மைப் பள்ளிக்கு வந்தவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி ஆலையில் சில காலம் ஆள் போதாது, சில காலம் ஆட்குறைப்பு என்று மாறி மாறி நடந்தது. சந்தை சரியில்லை என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். ஃபாரஸ்டர் காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டு, வெளியே ஆர்டர் சீராக வந்தாலும், ஆள் எடுப்பதற்கும் சரக்கு வைப்பதற்கும் ஆலை கடைப்பிடித்த விதிகளே இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று காட்டினார். யார் தவறு என்று தேடுவதை விட்டு, எந்த விதி இதைச் செய்ய வைக்கிறது என்று தேடச் சொல்லும் பார்வை இது. நம் ஊரில் மென்பொருள் போடும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

சுலபமான இடத்தில் வேகம் கூட்டுவது

ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் நிறக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல், அதற்கும் மேல் ஈரக் கலவை, பிறகு மட்டம் தட்டல். சூளை கிடையாது. காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறி, மறுபடி வெயிலில் காய வேண்டும். கண்ணாடி தந்த வழவழப்புதான் அதன் மினுமினுப்பு.

இதில் ஆர்டர் எடுப்பதற்கு ஆகும் நேரம் எவ்வளவு? பத்து நிமிடம். மென்பொருள் வந்தபின் இரண்டு நிமிடம். அந்த எட்டு நிமிட லாபத்துக்காகத்தான் பணம் செலவாகியிருக்கிறது. ஆட்களின் கையும் தொட்டியின் இடமும் வெயிலும் அப்படியே இருக்கின்றன. கண்மாய்க்கு வரத்துக் கால்வாயை அகலமாக்கிவிட்டு மடையைப் பழைய அளவிலேயே விட்ட கதை.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆர்டர் சேரச் சேரத் தாமதம் கூடும், தாமதம் கூடக் கூட போன் வரும். கத்திப் பேசுகிறவர் ஆர்டரை முன்னால் இழுத்து வைப்பார்கள். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் அச்சை மாற்றி, நிறத்தை மாற்றி, பாத்திரம் கழுவி மறுபடி தொடங்கினால் அன்றைக்கு விழும் கல்லின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் தாமதம் இன்னும் கூடும். ‘அவசரம்’ என்று ஒரு பொத்தானை மென்பொருளில் வைத்துக் கொடுத்தவர் இந்தச் சுழலுக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அங்கே வைத்திருக்க வேண்டியது வேறு: தொட்டியில் காலி இடம் எவ்வளவு, ஒரே அச்சுக்குரிய ஆர்டர்களைச் சேர்த்து ஓட்ட முடியுமா, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு எத்தனை நாள் கூட்டுவது என்று பார்த்துத் தேதி சொல்லும் ஒரு சின்னக் கணக்கு.

எங்கே இறுக்கம் என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் வேலை நடந்த நேரம் தனி, சும்மா கிடந்த நேரம் தனி என்று எழுதுங்கள். கிடந்த நேரம்தான் பெரிதாக வரும்.

வகுத்தல் கணக்கைப் போடாதது

கையில் 60 வேலை இருக்கிறது, வாரத்துக்கு 10 முடிகிறது என்றால் இன்று வரும் வேலை சராசரியாக ஆறு வாரம் காத்திருக்கும். ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதி இவ்வளவுதான். பட்டறைக்கும் பொருந்தும், மென்பொருள் குழுவுக்கும் பொருந்தும். இதைப் போட்டுப் பார்க்காமல் ‘இரண்டு வாரத்தில் தருகிறோம்’ என்று வெப்சைட்டில் எழுதி வைப்பதும், பிறகு ஆட்களைத் திட்டுவதும் அன்றாடம் நடக்கிறது.

இதோடு ஒட்டியதுதான் யாரும் ஒரு நிமிடம் சும்மா இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். வேலை சீராக வராமல் முன்பின்னாக வரும் இடத்தில், ஒருவருக்கு 80 விழுக்காடு வேலை இருந்தால், எளிமையான வரிசைக் கணக்கின்படி ஒரு கோரிக்கை தன் முறைக்காகச் சராசரியாகக் காத்திருப்பது, அதைச் செய்து முடிக்க ஆகும் நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு, 95-ல் 19 மடங்கு. உதவி மைய ஆட்களை நிமிடம் விடாமல் வேலை வாங்கும் மேலாளர், வாடிக்கையாளர் ஏன் கோபப்படுகிறார் என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

தீபாவளிக் கணக்கு

தேன்குழல், அதிரசம், கைமுறுக்கு செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் தலைவலி. சென்னைக் கடையில் வாரம் 100 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் 120 போனது. கடைக்காரர் கையிருப்புக்கும் சேர்த்து 140 கேட்கிறார். இடையில் இருக்கும் மொத்த வியாபாரி 170 ஆக்குகிறார். இங்கே அடுப்படியில் 200-க்கு மாவு அரைக்கிறார்கள். சரக்கு போய்ச் சேர்வதற்குள் சென்னையில் விற்பனை பழைய 100-க்கே வந்துவிடும். பிறகு மூன்று வாரம் ஆர்டரே இல்லை. முறுக்கில் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்ததுதான் மிச்சம்.

தானாக ஆர்டர் போடும் மென்பொருளில் இரண்டு கோளாறு பெரும்பாலும் இருக்கும். ஒன்று, கடைசிக் கடையின் கல்லாவில் விற்றதைப் பார்க்காமல் இடையில் இருப்பவர் கேட்டதைப் பார்ப்பது. இன்னொன்று, அனுப்பிவிட்டு இன்னும் போய்ச் சேராத சரக்கைக் கழிக்காமல் விடுவது. இந்த இரண்டையும் திருத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். இதற்கு செயற்கை நுண்ணறிவெல்லாம் தேவையில்லை.

அவரவர்க்குச் சரி, எல்லோருக்கும் வினை

இதற்குச் செட்டிநாட்டின் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பர்மாவில் நகரத்தார் லேவாதேவி நெல்லை நம்பி நடந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக நிலம் வந்தது. ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் அந்த நேரத்தில் அதுதான் நியாயமான முடிவு. ஆனால் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம் 1938-க்குள் 25 விழுக்காட்டை எட்டியது. சுழல வேண்டிய பணம் மண்ணில் முடங்கியது, மக்களின் கசப்பும் வளர்ந்தது. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது.

கணினியில் இதே வடிவம் தினமும் நடக்கிறது. சர்வர் மெதுவாகிறது. ஒவ்வொரு செயலியும் பதில் வரவில்லையே என்று மூன்று தடவை மறுபடி கேட்கிறது. செயலி எழுதியவரைக் கேட்டால் அது சரியான ஏற்பாடுதான். எல்லாச் செயலியும் அப்படியே கேட்க, திணறிய சர்வருக்குப் பளு நான்கு மடங்கு வரை ஏறி விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது, ஒரு கட்டத்தில் கேட்பதையே நிறுத்துவது என்று எழுதினால் சுழல் அடங்கும். கூடுதல் சர்வர் வாங்கும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

அளவுகோல் விஷயத்திலும் இப்படித்தான். எத்தனை புகார் மூடினாய் என்று கேட்டால் புகார் மூடப்படும், கோளாறு அப்படியே இருக்கும், அடுத்த நாள் புது எண்ணில் வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அமைப்புச் சிந்தனை படித்த உற்சாகத்தில் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று சுவர் முழுக்க அம்புக்குறி வரைந்து, மூன்று மாதம் கூட்டம் போடுவது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் எல்லை போடுங்கள். கல் ஏன் தாமதம் என்று கேட்டால் சம்பளப் பட்டியல் படத்தில் வர வேண்டியதில்லை.

கடைசியாக, கணக்குப்பிள்ளையின் சிட்டை. புது மென்பொருள் வந்ததும் ‘இனி நோட்டு வேண்டாம்’ என்று முதலாளி சொல்வார். மேசைக்கு அடியில் அது தொடர்ந்து எழுதப்படும், இளைஞர்கள் சிரிப்பார்கள். நான் அந்தப் பெரியவர் பக்கம்தான். சிட்டையைப் புரட்டினால் யார் வாய்மொழியாகத் தவணை கேட்டார், எந்த லாரிக்காரர் உடைசலுக்குப் பொறுப்பேற்றார், எந்த வீட்டில் ஆச்சியிடம் கேட்காமல் நிறத்தை முடிவுசெய்யக் கூடாது என்றெல்லாம் ஓரத்தில் இருக்கும். மென்பொருளில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. நோட்டை நிறுத்துவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து ஒரு மாதப் பக்கங்களைப் படித்து, எந்தக் குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கு முதலில் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். மற்றவை நோட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.