முதல் வருடம்: குழந்தை சரியாக வளர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எடை எவ்வளவு?" என்பதுதான். நாலு மாதம் ஆனால் "இன்னும் குப்புற விழலையா?", எட்டாம் மாதம் "தவழலையா?", அப்புறம் "எங்க வீட்டுப் பிள்ளை இந்த வயசுல நடந்துடுச்சே". பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கே பயம் பிடித்துவிடும். இரண்டு குழந்தைகளை வளர்த்தவள் நான், இரண்டு பேரும் இரண்டு விதமாக வளர்ந்தார்கள். எப்படி அளப்பது, அளந்ததை எப்படிப் படிப்பது, எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் குழந்தையை ஒப்பிட வேண்டியது போன மாதத்து உங்கள் குழந்தையோடு.

முதல் இரண்டு வாரம்

நிறைமாதக் குழந்தை பெரும்பாலும் 2.5 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குள் பிறக்கும், சராசரி 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நீளம் 50 செ.மீ. பக்கம், தலைச்சுற்றளவு 34, 35 செ.மீ. பிறந்த சில நாட்களில் எடை குறையும், இது பலருக்குத் தெரியாமல் பதறிப்போகிறார்கள். உடம்பில் கூடுதலாக இருந்த நீர் வெளியேறுகிறது, முதல் மலம் போகிறது, பால் இன்னும் முழுதாகச் சுரக்கவில்லை. 3 கிலோவில் பிறந்த குழந்தை நாலாம் நாள் 2.8 கிலோ இருந்தால் அது இயல்புதான். பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பழைய எடை வரவில்லை என்றாலோ, குழந்தை மார்பைச் சரியாகக் கவ்விக் குடிக்கிறதா என்று தெரிந்தவர் ஒருவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

எடை மெஷின் இல்லாமலே ஒன்றைப் பார்க்கலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். அது சரியாக இருந்து, குழந்தை பசிக்குத் தானாக எழுந்தால் பெரும்பாலும் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம்.

அளப்பதில்தான் பாதி குழப்பம்

என் இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் ஒரு இடத்தில் எடை பார்த்தோம், ஒரு வாரம் கழித்து வேறு இடத்தில் பார்த்தோம். 250 கிராம் குறைவு. அன்று இரவு நான் தூங்கவே இல்லை. மறுநாள் முதலில் பார்த்த அதே மெஷினில் வைத்தால் எடை நன்றாகவே ஏறியிருந்தது. முதல் தடவை சட்டை, துண்டு, ஈரமான டயபர் எல்லாவற்றோடும் வைத்திருக்கிறார்கள், இரண்டாவது தடவை வெறும் உடம்போடு, அதுவும் வேறு மெஷினில். குறைந்தது துணியின் எடை.

அதனால், முடிந்தவரை ஒரே மெஷின், டயபரைக்கூடக் கழற்றிவிட்டு, பால் கொடுப்பதற்கு முன். பெரியவர்கள் ஏறி நிற்கும் மெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று உங்கள் எடையைக் கழிக்கும் முறை சின்னக் குழந்தைக்கு உதவாது. அந்த மெஷின் நூறு, இருநூறு கிராம் முன்னே பின்னே காட்டும், உங்கள் குழந்தை ஒரு வாரத்தில் ஏறுவதே அவ்வளவுதான். முதல் சில வாரத்துக்குப் பிறகு குழந்தை நன்றாக இருந்தால் மாதம் ஒரு முறை போதும், ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. தினமும் எடை பார்த்தால் பால் குடித்ததும் மலம் போனதும்தான் அதில் தெரியும்.

நீளத்தைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையை மேல் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெதுவாக நீட்டிப் பாதத்தைக் கீழ்ப் பலகையில் பதிக்க வேண்டும். படுத்திருக்கும் குழந்தை மேல் டேப்பை ஓட்டினால் இரண்டு செ.மீ. தப்பாக வருவது சாதாரணம்.

தலைச்சுற்றளவுக்கு இழுபடாத டேப் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கத்தில் காதுக்கு மேலே, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி. முடியில் கிளிப், பின்னல் எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை தலையைத் திருப்பும், டேப் நழுவிக் காதில் விழும், பரவாயில்லை, மூன்று தடவை அளந்து அதில் பெரிய அளவை எழுதுங்கள். எடையை எல்லோரும் கேட்கிறார்கள், தலையை யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் வருடத்தில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அந்த வளர்ச்சி வெளியே தெரியும் ஒரே அளவு இதுதான். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. என்று கூடி ஒரு வயதில் 46 செ.மீ. பக்கம் வரும். ரொம்ப வேகமாகக் கூடினாலும் கூடாமல் நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உச்சிக்குழி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது துடிப்பது தெரியும், பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். குழி உள்ளே இறங்கி, சிறுநீரும் குறைந்திருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது. அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் புடைத்து நின்றால், அதிலும் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், உடனே மருத்துவமனை.

கோட்டைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள்தான் இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து தயாரித்தவை. ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனி வரைபடம், மாற்றிப் பார்த்துவிடாதீர்கள்.

அதில் 3, 15, 50, 85, 97 என்று கோடுகள் இருக்கும். 15-வது கோட்டில் இருந்தால் என்ன பொருள்? அதே வயதில் நூறு ஆரோக்கியமான குழந்தைகளை நிறுத்தினால் 15 பேர் உங்கள் குழந்தையைவிட எடை குறைவு, மற்றவர்கள் அதிகம், அவ்வளவுதான். இது பரீட்சை மார்க் கிடையாது. 15-வது கோட்டிலேயே மாதா மாதம் ஒழுங்காகப் போகும் குழந்தை நன்றாக வளர்கிறது. 85-ல் ஆரம்பித்து மூன்று மாதத்தில் 15-க்கு இறங்கிய குழந்தையைத்தான் கவனிக்க வேண்டும், பார்க்கக் குண்டாகவே இருந்தாலும். கொஞ்சம் ஏறி இறங்குவது உண்டு, ஏனென்றால் பிறந்த எடையை வயிற்றுக்குள் இருந்த நிலைமை தீர்மானிக்கிறது, அப்புறம் அப்பா அம்மாவின் உடல்வாகு தலைகாட்டுகிறது. ஆனால் இரண்டு கோட்டைத் தாண்டி இறங்கினால் காத்திருக்க வேண்டாம்.

வேகம் எப்படி இருக்கும் என்றால், முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்குச் சராசரியாக 25, 30 கிராம் ஏறும், அடுத்த மூன்று மாதம் 15, 20 கிராம், அதற்குப் பிறகு 10 கிராம் போல. பிறந்த எடை ஐந்து மாதம் வாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. நீளம் வருடத்தில் 25 செ.மீ. கூடி 75-க்கு வரும். இந்தக் கணக்கில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு வேகம் பாதியாகிறதே, கவனித்தீர்களா? திட உணவு ஆரம்பிக்கும் நேரமும் அதுதான். "சாப்பாடு கொடுத்தும் எடை ஏறவில்லை" என்று பயந்து, வாயைப் பிடித்துத் திணிக்க ஆரம்பிப்பது இங்கேதான். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்கிறது. ஒரு ஸ்பூனைத் திணித்து வெல்லலாம், ஆனால் குழந்தை ஸ்பூனைக் கண்டாலே அழ ஆரம்பித்துவிடும், அதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். அளவைவிட என்ன கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதம் வாக்கில் தீர்கிறது, அதனால் முதல் உணவுகளிலேயே இரும்புச்சத்து இருக்க வேண்டும். பாலும் தொடர வேண்டும்.

உடம்பு கற்றுக்கொள்ளும் வரிசை

எந்த மாதத்தில் என்ன என்று மனப்பாடம் செய்வதைவிட வரிசையைப் புரிந்துகொள்வது எளிது. கட்டுப்பாடு தலையிலிருந்து கீழே இறங்குகிறது: முதலில் கழுத்து, அப்புறம் தோள், முதுகு, இடுப்பு, கடைசியில் கால். கையில் தோளிலிருந்து விரல் நுனிக்குப் போகிறது. கழுத்து நிற்காத குழந்தையை உட்கார வைக்க முயல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆறு, எட்டு வாரத்தில் உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கும், தூக்கத்தில் வரும் சிரிப்பு வேறு, இது வேறு, பார்த்தாலே தெரியும். நாலு மாதத்தில் தலை நன்றாக நிற்கும். நாலிலிருந்து ஆறு மாதத்தில் கவிழும். மற்றதற்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் இடைவெளியைப் பாருங்கள்: பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம் வரை, கை முழங்கால் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 வரை, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. ஒன்பதாம் மாதம் நடந்த குழந்தையும் பதினாறாம் மாதம் நடந்த குழந்தையும் இரண்டுமே இயல்பு. என் மூத்தவள் தவழவே இல்லை. வயிற்றால் நீந்தினாள், அப்புறம் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள், ஒரு நாள் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். இந்த இடைவெளிகளைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்விலும் நூற்றில் நாலு குழந்தை போலத் தவழாமலே நடையைக் கற்றிருக்கிறது.

விரலைக் கவனிப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இரண்டாவது குழந்தை ஏழாம் மாதம் விரிப்பில் கிடந்த ஒரு நூலை எடுக்கப் பார்த்தான். முழு உள்ளங்கையால் சுரண்டினான், நூல் விரல்களுக்கு நடுவே நழுவியது, மறுபடி சுரண்டினான், கோபத்தில் கையால் தட்டினான். பத்தாம் மாதம் அதே மாதிரி ஒரு நூல். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நீண்டு, நுனியால் கிள்ளி எடுத்து என்னிடம் காட்டினான். எழுதவும் பட்டன் போடவும் பிறகு தேவைப்படும் பிடி அதுதான். (அதே பிடியில்தான் தரையில் கிடக்கும் மாத்திரையும் பட்டன் பேட்டரியும் வாய்க்குப் போகும், தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் செய்ய வேண்டியது தரையில் இடம் கொடுப்பது. முதல் வாரங்களிலிருந்தே விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, ஒன்றிரண்டு நிமிடம் குப்புறப் படுக்க வையுங்கள், அழுதால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். கழுத்தும் தோளும் அதில்தான் வலுப்படும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்து. வாக்கர் வாங்க வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துதான் அதிகம். கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது.

குறைமாதக் குழந்தை என்றால் எல்லாக் கணக்கையும் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து போடுங்கள். 32 வாரத்தில் பிறந்தால் 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது, பிறந்து ஆறு மாதமானால் வளர்ச்சிக்கு நாலு மாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு.

எப்போது காத்திருக்கக் கூடாது

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, விரல்கள் எப்போதும் இறுக மூடியே இருக்கின்றன, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒரு வயதிலும் பெயரைச் சொன்னால் திரும்பவில்லை, பா பா மா மா என்று ஒலி எழுப்பவில்லை என்றால் காட்டுங்கள். உடம்பு துணிபோலத் துவண்டிருந்தாலும், விறைத்திருந்தாலும் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்னாலேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் "இடதுகைப் பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள், இன்னொரு கையில் பலம் குறைவா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வந்த திறமை போவது. உட்கார்ந்த குழந்தை உட்காராமல் போனாலோ, பேசிய ஒலிகள் நின்றாலோ, எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள். "எங்க வீட்ல எல்லாரும் லேட்தான்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வயதில் சீக்கிரம் ஆரம்பிக்கும் பயிற்சிக்கு உடம்பு நன்றாக இசைந்து கொடுக்கும்.

போகும்போது அளவுகளை தேதியோடு எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள், உங்களை உறுத்துவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறையில் குழந்தை தூங்கிவிடும், இல்லையென்றால் அழும். வீட்டில் தரையில் விட்டால் எப்படி இருக்கிறது என்பது அந்த வீடியோவில்தான் மருத்துவருக்குத் தெரியும்.