மூன்று இரவாவது நில்லுங்கள்: வெளியூரில் பட்டமேற்படிப்புப் படிக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு

கொழும்பிலோ பேராதனையிலோ ஆய்வுப் படிப்புச் செய்கிற வன்னிப் பிள்ளைகள் பலர், வீட்டுக்குப் போகும் நாளை மேற்பார்வையாளரின் வசதியைப் பார்த்தே குறிக்கிறார்கள். அத்தியாயம் ஒன்றைக் கொடுத்த கையோடு வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுவார்கள். அந்த இரண்டு நாளில் ஒன்று நித்திரையில் போகும், மற்றது சொந்தக்காரர் வீடுகளில் தேத்தண்ணி குடிப்பதில் போகும். அம்மா சொல்ல வைத்திருந்த விஷயம் அவர் வாய்க்குள்ளேயே இருக்கும். ஆகவே நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். மாதம் ஒருமுறை ஓடி வருவதைவிட இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நாலு இரவு நிற்பது நல்லது. பஸ் காசும் மிஞ்சும்.

எப்போது போவது

வயல் செய்கிற வீடென்றால் வயலைப் பார்த்தே நாள் குறியுங்கள். காலபோகம் என்கிற மாரிகால நெற்செய்கை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுவது. வெட்டு நாட்களில் உங்களோடு உட்கார்ந்து கதைக்க ஒருவருக்கும் நேரம் இராது. ஆனால் பக்கத்தில் நின்று கதைக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஈரப்பதம் 14 வீதத்துக்கு இறங்காத நெல்லை நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்காது, வியாபாரியும் விலையைக் குறைப்பார். அதனால்தான் தெருவோரமெல்லாம் படங்கு விரித்து நெல் காய்கிறது. காய்கிற நெல்லை அடிக்கடி காலால் துழாவிவிட வேண்டும், மாடு வராமல் பார்க்க வேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். இந்த வேலையை நீங்கள் பொறுப்பெடுங்கள். முகம் பார்த்துக் கதைக்காத அப்பா, நெல்லைப் பார்த்தபடி நிறையக் கதைப்பார்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வந்தால் சொந்தக்காரர் எல்லோரையும் ஒரே இடத்தில் காணலாம். ஆனால் ஒருவரோடும் ஆறுதலாகக் கதைக்க முடியாது. அதற்கு வேறொரு பயணம் வேண்டும்.

வழி

ரயில் ஆசனத்தை 30 நாளுக்கு முன்பிருந்தே பதியலாம். நீண்ட விடுமுறை என்றால் திறக்கிற அன்றே பதியுங்கள். மாங்குளம், புளியங்குளம் போன்ற நிலையங்களில் எல்லா ரயிலும் நிற்பதில்லை, சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். கண்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பொல்காவலையில் ரயில் மாற வேண்டியிருக்கும் என்பதால் தம்புள்ளை வழியாக ஏ9 வீதியில் வருகிற பஸ்தான் சுகம்.

முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம், அல்லது பரந்தனில் இறங்கிப் புதுக்குடியிருப்பு வழியாகப் போகலாம். இரண்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். மாரி மழை கடுமையாக இருந்தால் வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும், அப்போது ஒட்டுசுட்டான் வழியைப் பிடியுங்கள்.

பிசகுவது பெரும்பாலும் இரவு பஸ்ஸில்தான். கொழும்பிலிருந்து இரவு வெளிக்கிடுகிற யாழ்ப்பாண பஸ் விடியப்புறம், நல்ல இருட்டில் மாங்குளத்தைத் தாண்டும். நித்திரையாகிக் கிளிநொச்சியில் கண் விழிப்பவர்கள் ஏராளம். நடத்துனரிடம் சொல்லி வையுங்கள், வவுனியா வருகிற நேரத்துக்குத் தொலைபேசியில் அலாரமும் வையுங்கள். இறங்கிய பிறகு முதல் பஸ் வரும்வரை வெளிச்சமுள்ள தேத்தண்ணிக் கடையில் இருங்கள். இருட்டோடு வந்து ஏற்றச் சொல்லித் தம்பியைக் கூப்பிடாதீர்கள். காட்டோரத் தெருக்களில் யானை நிற்பது கிட்டப் போகும்வரை தெரியாது. பொழுதுபட்ட பின் மோட்டார் சைக்கிளில் போவதற்கும் இதுவே பொருந்தும்.

வீட்டில்

முதல் நாள் குளித்து, சாப்பிட்டு, படுங்கள். மடிக்கணினியைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் சொந்தக்காரர் வீடுகள். நீங்கள் இல்லாத காலத்தில் செத்தவீடு நடந்த வீடு இருந்தால் முதலில் அங்கே போங்கள், பிறகுதான் மற்ற வீடுகள். அங்கிருந்து எழும்பும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை, பேசாமல் எழும்பி வருவதுதான் வழக்கம். நெருங்கியவர்களின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனால் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்காவது வந்துவிடுங்கள். மற்ற வீடுகளுக்கு ஒரு பிஸ்கற் பெட்டியோ சீனியும் தேயிலையுமோ போதும், வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இன்னொரு கவனமும் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை இன்னும் தேடுகிற வீட்டில் இறந்தகாலத்தில் கதைக்காதீர்கள். "அண்ணா நல்லாப் படிச்சவர் என்ன" என்று வாய் தவறி வந்துவிடும். அவர்கள் "படிக்கிறவன்" என்றால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அவர்களாக எடுக்காமல் அந்தக் கதையை நீங்கள் எடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதே போதுமானது.

"எப்ப முடியும்?" என்ற கேள்வி எப்படியும் வரும். "கெதியில" என்று சொன்னால் அடுத்த வசனம் கலியாணப் பேச்சாக இருக்கும். முழுநேர எம்.பில் குறைந்தது 2 வருடம், பிஎச்டி குறைந்தது 3 வருடம் என்று விளக்கிவிட்டு, "வாற வருசக் காலபோக வெட்டுக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்திடுவன்" என்பதுபோல வீட்டுக்குத் தெரிந்த கணக்கில் ஒரு தவணை சொல்லுங்கள். அது பிந்தினால் அடுத்த முறை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் இரவுதான் உண்மையான கதை வரும். பெரும்பாலும் குசினியில், சாப்பாடு முடிந்த பிறகு. கடன், அம்மாவின் முழங்கால் நோ, தங்கச்சியின் படிப்பு எல்லாம் அப்போதுதான் வெளிவரும். உடனே தீர்வு சொல்லத் தொடங்காதீர்கள், கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். காசு கொடுப்பதென்றால் ஆட்கள் முன்னால் கொடுக்காமல் அம்மாவின் கையில் தனியே கொடுங்கள்.

சொந்த ஊரைப் பற்றியே ஆய்வு செய்கிறவர்கள் இந்தக் குசினிக் கதையைத் தரவாக்கக் கூடாது. பெரியம்மா உங்களுக்குச் சொன்னது பிள்ளைக்குச் சொன்னது. ஆய்வுக்கு வேண்டுமென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு, வேறொரு நாளில், ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்து, சம்மதம் கேட்டுத் தொடங்குங்கள். மறுத்தால் உறவு கெடும் என்று நினைத்து அவர் சம்மதித்துவிடக் கூடும், ஆகவே கேட்கிற வேலையைச் சக மாணவர் ஒருவரிடம் விடுவது இன்னும் நல்லது. உங்களுக்கென்று எழுதுகிற குறிப்பேட்டைத் தனிக் கொப்பியாக வையுங்கள். அன்றிரவே, அவர்கள் சொன்ன பேச்சு மொழியிலேயே எழுதுங்கள். நாள் கழித்து எழுதினால் உங்கள் வசனம்தான் மிஞ்சும்.

வெளிக்கிடும்போது

பையில் இடம் விட்டு வாருங்கள். அரிசி, மோர்மிளகாய், புழுக்கொடியல், கருவாடு என்று ஏதாவது கட்டித் தருவார்கள். "அங்க கடையில இருக்கு" என்று சொன்னால் மனம் நோகும். பாரம் என்றால் பாதியை எடுங்கள். கருவாட்டை ஒருநாள் வெயிலில் காயவைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, மூடி இறுகிய தகரத்துக்குள் வையுங்கள். பொலித்தீன் பை மட்டும் என்றால் பஸ் முழுக்க மணக்கும். முட்டித் தயிரை மட்டும் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள், குலுக்கலில் முட்டி வெடிக்கும், வெக்கையில் தயிர் புளிக்கும்.

அறைக்குப் போனதும் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல் அழையுங்கள். அந்த அரிசியில் ஒரு சுண்டு போட்டுச் சமைத்துவிட்டு, சோறு எப்படி வந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.