ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டால்

காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவுகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. பக்கவாதமாக இருக்கலாம். கோளாறு கையில் இல்லை. பெரும்பாலும் மூளையின் இடது பாதியில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும், அல்லது வெடித்திருக்கும்.

உடனே கடிகாரத்தைப் பாருங்கள். கடைசியாக எத்தனை மணிவரை நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

தண்ணீர், சோடா எதையும் புகட்டாதீர்கள், புரையேறிவிடும். நீங்களாக ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம்; ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து.

அப்புறம், பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டாலும் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெரிய தாக்குதலுக்கு அது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.