பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு ஆசிரியராகச் செல்வது: எந்தத் தாள், எந்த வரிசையில்

மதுரையில் பன்னிரண்டு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்த நான், 2025 ஆகஸ்டில் கணவரோடும் ஆறு வயது மகனோடும் மூன்று வயது மகளோடும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்கு வந்து, செப்டம்பரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி, காணொளி நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆகவே, வேலை உறுதியானதும் பிள்ளைகளை அழைத்துச் செல்லச் செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் அனுபவத்தில் ஆசிரியருக்கான தாள்கள் எளிதாகவே முடிந்தன. காலத்தைத் தின்றவை பிள்ளைகளின் தாள்களும், பிள்ளைகளின் பள்ளி இடங்களும்தாம். அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

முதல் படி: கியூ.டி.எஸ்.

தகுதிபெற்ற ஆசிரியர் என்பதற்கான இந்தச் சான்றுக்கு, 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றை 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே இந்த வழி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பட்டம், பி.எட்., ஓராண்டுக்குக் குறையாத பணி அனுபவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். வேலை கிடைக்கும் வரை காத்திராமல் இதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெயர்

இந்தப் படியில்தான் எனக்கு ஏழு வாரங்கள் போயின.

ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில் சாப்பாட்டு மேசையில் நான்கு பேரின் தாள்களையும் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்தபோது, பிறந்த நாள், பிறந்த இடம், எங்கள் இருவரின் பெயர்கள் எல்லாம் இருந்தன. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நம் ஊரில் மருத்துவமனையே பிறப்பைப் பதிந்துவிடுகிறது, பெயரோ அதன் பிறகுதான் வைக்கப்படுகிறது என்பதால் இது பல வீடுகளிலும் இருக்கும் நிலை. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் என்றால் கட்டணமின்றியும், அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும், பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே சேர்ப்பார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் வந்த பிறகுதான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்த பிறகுதான் விசா விண்ணப்பம் என்று ஒன்றின் கழுத்தில் மற்றொன்று தொங்குகிறது. இன்றைக்கே உங்கள் பிள்ளைகளின் சான்றிதழை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால், மொழிபெயர்ப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது தலைப்பெழுத்து. என் பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் தந்தையின் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரிவாக, குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் இருக்கிறது. மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தில் தலைப்பெழுத்துகூட இல்லை. தமிழர் ஒருவர் பார்த்தால் மூன்றும் ஒரே ஆளின் பெயர் என்று நொடியில் சொல்லிவிடுவார். குடும்பப் பெயரை வைத்தே தாய், தந்தை, பிள்ளை உறவைப் பார்த்துப் பழகிய ஓர் அதிகாரிக்கு அவை மூன்று வெவ்வேறு பெண்களாகத் தெரியக்கூடும். என் மகனின் குடும்பப் பெயர் அவன் தந்தையின் பெயர், அவன் தந்தையின் குடும்பப் பெயரோ தாத்தாவின் பெயர் என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நான் இரண்டு காரியங்கள் செய்தேன். எல்லா வடிவங்களும் என்னையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வாங்கினேன். அதோடு, தமிழ்ப் பெயர் முறையில் தலைப்பெழுத்து எப்படி வருகிறது, எங்கள் நால்வரின் பெயர்களும் எந்தத் தாளில் எந்த வடிவத்தில் உள்ளன என்பதை ஒரே பக்கத்தில் அட்டவணையாக எழுதி, கியூ.டி.எஸ். விண்ணப்பத்திலும் விசா விண்ணப்பத்திலும் சேர்த்தேன். இரண்டு இடத்திலும் மறுகேள்வி வரவில்லை. பிள்ளைகளுக்கு இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால், குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தந்தையின் பெயரோ தாயின் பெயரோ ஏதாவது ஒன்றை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: இரு பெற்றோரும் சேர்ந்து விண்ணப்பிப்பது

நானும் பிள்ளைகளும் ஆகஸ்டில் செல்வது, கணவர் தம் வேலையில் திசம்பர் வரை இருந்துவிட்டுப் பிறகு வருவது என்று முதலில் திட்டமிட்டிருந்தோம். அந்தத் திட்டம் செல்லாது என்பது விதிகளை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் ஸ்கில்டு வொர்க்கர் என்னும் வேலை விசாவில் வரும் ஒருவரின் பிள்ளைக்கு விசா வேண்டுமென்றால், பிள்ளையின் மற்றொரு பெற்றோரும் அப்போதே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே அனுமதி பெற்றிருக்க வேண்டும். மற்றவர் உயிரோடு இல்லை, பிள்ளையை வளர்க்கும் முழுப் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கிறது என்பன போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ‘அப்பா ஊரில் இருக்கிறார், சம்மதக் கடிதம் தருகிறார்’ என்பது அந்த விலக்கில் அடங்காது. சம்மதக் கடிதம் போதும் என்று சில முகவர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன், நம்ப வேண்டாம்.

ஆகவே வழி இரண்டுதான். நால்வரும் ஒன்றாக விண்ணப்பிக்கலாம். அல்லது ஆசிரியர் மட்டும் முதலில் சென்று, துணைவரும் பிள்ளைகளும் பிறகு சேர்ந்து வரலாம். மூன்று வயதுக் குழந்தையை விட்டு இரண்டு மாதம் இருக்க என்னால் முடியாது என்பதால் நாங்கள் முதல் வழியை எடுத்தோம். கணவர் தம் வேலையை முன்கூட்டியே விட்டார். துணைவர் விசாவில் வருபவர் இங்கே பெரும்பாலும் எந்த வேலையும் செய்யலாம் என்பது அந்த முடிவை எளிதாக்கியது.

நான்காம் படி: பணம்

வெறும் விசாக் கட்டணத்தை மட்டும் கணக்கில் வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் என்னும் தொகையைப் பார்த்ததும் திகைத்துப்போகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் இது பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுமைக்கும் முன்பணமாகவே கட்ட வேண்டும். மூன்றாண்டு விசாவுக்கு எங்கள் நால்வருக்கும் சேர்த்து 10,866 பவுண்டு ஆயிற்று. பணியில் சேரும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளம், லண்டனுக்கு வெளியே, 2025 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 32,916 பவுண்டு என்பதோடு ஒப்பிட்டால் இந்தத் தொகையின் எடை விளங்கும். சில பள்ளிகள் இதில் ஒரு பகுதியை ஏற்கின்றன. பணி ஆணையில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இதைத் தவிர, கையிருப்பாக விண்ணப்பதாரருக்கு 1,270, துணைவருக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 என 2,070 பவுண்டுக்கு ஈடான பணம் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பள்ளி, விசாவுக்காக ஆசிரியருக்குத் தான் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றில் இந்தச் செலவுக்குப் பொறுப்பேற்றால் இது தேவையில்லை. அந்தக் கட்டத்தில் குறியிட்டுத் தர முடியுமா என்று நான் ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். பள்ளி செய்து தந்தது.

கட்டுவதற்கு டெபிட் கார்டை நம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான தினசரி வரம்பு குறைவாக இருந்ததால் என் கார்டு இரண்டு முறை மறுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டுதான் என் விருப்பம். ஆனால் ஒருவர் பெயரில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி அனுப்பினால், தாண்டிய தொகைக்கு 20 விழுக்காடு டி.சி.எஸ். என்னும் வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும், கிளம்பும் நேரத்தில் அந்தப் பணம் கையில் இல்லாமல் போவது பெரும் சிரமம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனிக் கார்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சோதனைகள்

காசநோய்ச் சோதனையை இங்கிலாந்து அரசு ஒப்புதல் அளித்த மருத்துவமனையில் மட்டுமே எடுக்க வேண்டும். சான்று ஆறு மாதம் செல்லும். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே இல்லை. மருத்துவர் சில கேள்விகள் கேட்டுப் பார்த்துவிட்டுச் சான்று தருவார். எக்ஸ்ரே இல்லை என்பதால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர்களுக்கும் சான்று வேண்டும். பள்ளி வேலை என்பதால் ஆசிரியருக்கு பி.சி.சி. எனப்படும் காவல்துறைச் சான்றும் தேவை; பாஸ்போர்ட் சேவா மூலம் பெறலாம். வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் படி: பிள்ளைகளுக்குப் பள்ளி

இங்கே வகுப்பு முழுக்க முழுக்க வயதைப் பொறுத்தது. நான்கு வயது நிறைந்ததை அடுத்து வரும் செப்டம்பரில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷன், அடுத்த ஆண்டு இயர் ஒன், அதற்கடுத்து இயர் டூ. மதுரையில் ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகன், மே மாதம் ஆறு வயது நிறைந்தவன் என்பதால், செப்டம்பரில் நேராக இயர் டூவுக்குப் போக வேண்டியதாயிற்று. ஓராண்டு தாழ்த்திச் சேருங்கள் என்று கேட்க எனக்கும் ஆசை எழுந்தது. கேட்காமல் இருந்ததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். கணக்கில் அவன் முன்னால் இருந்தான். வாசிப்பில் பின்தங்கியிருந்ததைப் பள்ளியே நாள்தோறும் பத்து நிமிடம் தனியாக உட்கார வைத்துச் சரிசெய்தது.

இடம் கிடைப்பதுதான் கடினம். ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ ஆகிய மூன்றிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். 30 நிரம்பிய வகுப்பில், தலைமையாசிரியரே விரும்பினாலும், மிகச் சில விலக்குகள் தவிர 31ஆவது பிள்ளையைச் சேர்க்க இயலாது. ஆண்டு நடுவில் சேர்வதற்கான விண்ணப்பம் உள்ளூர் கவுன்சில் வழியாகவோ பள்ளி வழியாகவோ போகும். முகவரிச் சான்று கேட்பார்கள். நாங்கள் ஆகஸ்டு இரண்டாம் வாரம் விண்ணப்பித்தோம். பள்ளிகள் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு முடிய மூடியிருப்பதால், எந்தப் பள்ளியில் எத்தனை இடம் காலி என்பதே செப்டம்பர் தொடங்கும் வரை தெரியவில்லை. எனக்குப் பள்ளி தொடங்கி ஒன்பது நாள் கழித்துத்தான் மகனுக்கு இடம் வந்தது, அதுவும் வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி. மகளுக்கு நர்சரி கிடைத்தது வேறொரு பள்ளியில். இரண்டு வாசல்களும் காலை 8.45க்குத் திறக்கும், நானோ 8.15க்கு என் பள்ளியில் இருக்க வேண்டும்.

ஆகவே வீடு பார்க்கும்போது நீங்கள் கற்பிக்கப்போகும் பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். முகவரியை உறுதிசெய்யும் முன், அந்த வட்டாரத்து ஐந்தாறு தொடக்கப் பள்ளிகளுக்கு ஜூலை முதல் வாரத்திலேயே, மூடுவதற்கு முன், தொலைபேசியில் பேசுங்கள். “செப்டம்பரில் இயர் டூவில் இடம் இருக்குமா” என்று நேராகக் கேட்டால் அலுவலகத்தில் இருப்பவர் அன்போடு சொல்வார். இடம் இருக்கும் பள்ளிக்கு அருகே வீடு எடுங்கள். வாடகைக்கான டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு, ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம்; அதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம், நர்சரி இலவசம். விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. வேலை செய்யும் பெற்றோருக்கான 30 மணி நேரச் சலுகையும், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் என்னும் உதவித்தொகையும் நமக்கு இல்லை. மீதி நேரத்துக்கு நர்சரியைவிட, பள்ளிகளையும் பிள்ளைக் காப்பகங்களையும் ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பில் பதிவு செய்த, தம் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டரையே நான் விரும்புகிறேன். எங்களுக்குக் கிடைத்தவர் ஒருவரே காலையில் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு வாசல்களிலும் கொண்டுபோய் விடுகிறார்.

ஏழாம் படி: மருத்துவர்

வந்த வாரமே அருகிலுள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் நால்வரையும் பதியுங்கள். தடுப்பூசி அட்டையின் மூலத்தைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். செவிலியர் மகளின் அட்டையை விரல் வைத்து வரி வரியாகப் பார்த்துவந்து, எம்.ஆர். என்ற இடத்தில் நின்றார். நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி அது. இங்கே பொன்னுக்குவீங்கியும் சேர்ந்தது போடப்படுகிறது. அதை அங்கேயே போட்டார்.

பின்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தைப் படித்த சேலத்து ஆசிரியை ஒருவர், வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக இருக்கும் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருவதாக ஒரு முகவர் பணம் கேட்பதாக எழுதியிருந்தார். 2025 ஜூலை 22 முதல் பட்டநிலைத் தகுதி தேவைப்படும் வேலைகளுக்கே பெரும்பாலும் ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடைக்கிறது. டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை அதில் வராது. ஸ்பான்சர்ஷிப் சான்றை விலைக்கு விற்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

சைவக் குடும்பத்தினர் இருவர் பள்ளி உணவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் முதல் இயர் டூ வரை மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சைவமா என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் எழுதுவதோடு நிற்காமல், முதல் நாள் வகுப்பாசிரியரிடமும் நேரில் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் மகனுக்கு டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் வாரம் தட்டில் இருந்த சுட்ட உருளைக்கிழங்கும் பீன்ஸும் போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.