நகர வெளிச்சத்திலிருந்து மங்கிய கேலக்ஸியைப் படம் எடுப்பது எப்படி?

நள்ளிரவிலும் வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும் இடத்திலிருந்து கேலக்ஸியைப் படம் எடுக்க முடியுமா? முடியும். 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள சின்னத் தொலைநோக்கியே போதும். செய்முறைக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் கணக்கு

நகர வெளிச்சம் கேலக்ஸியின் ஒளியைத் தடுத்துவிடுவதில்லை. அந்த ஒளி வழக்கம்போலக் கேமராவுக்கு வந்து சேருகிறது. கூடவே வான வெளிச்சமும் வந்து விழுகிறது. பெரிய நகரத்து வானம், நல்ல இருண்ட வானத்தைவிடச் சுமார் 40 மடங்கு பிரகாசமானது. வானத்திலிருந்து 100 ஒளித்துகள் விழும் ஒரு பிக்சலில், கேலக்ஸியின் மங்கிய சுருள்கையிலிருந்து விழுவது ஒன்றோ இரண்டோதான்.

வானத்தின் பங்கைக் கணினியில் கழித்துவிடலாம். ஆனால் ஒளித்துகள்கள் சீராக விழுவதில்லை. 100 விழ வேண்டிய இடத்தில் ஒரு முறை 90 விழும், இன்னொரு முறை 110 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். இதைக் கழிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. 100 துகளுக்கு ஏற்ற இறக்கம் 10 என்றால், கேலக்ஸியின் ஒரே ஒரு துகள் அதற்குள் மூழ்கிப் போகும். அதே பிக்சலில் 40,000 துகள் சேரும்வரை காத்திருங்கள். ஏற்ற இறக்கம் 200. கேலக்ஸியின் பங்கு 400. இப்போது அது வெளியே தெரிகிறது. நாம் சேகரிக்க வேண்டியது மணிக்கணக்கான ஒளி.

எதை எடுப்பது?

பட்டியலில் இருக்கும் பிரகாச எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மெஸ்ஸியே பட்டியலில் கேலக்ஸிகளுக்கு 'எம்' என்று தொடங்கும் எண் உண்டு. அதில் எம் 101-இன் பிரகாசம் 7.9; எம் 51-இன் பிரகாசம் 8.4. எண் குறைந்தால் பிரகாசம் அதிகம் என்பதால் எம் 101 சுலபம் என்று நினைத்து, தொடக்கத்தில் இரண்டு இரவுகளை அதற்கே செலவிட்டேன். கிடைத்தது லேசான ஒரு கறைதான். காரணம், எம் 101 கிட்டத்தட்ட முழுநிலா அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதன் ஒளி முழுக்க மெலிதாகப் பரவிவிடுகிறது. எம் 51 அதில் பாதிக்கும் குறைவான அகலத்துக்குள் அடங்குவதால் நகரத்திலும் பிடிபடுகிறது. எம் 33-ம் எம் 101-ஐப் போலப் பரந்து கிடப்பதுதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை, சப்தரிஷி மண்டலத்தின் அருகே இருக்கும் எம் 81, எம் 82 ஜோடி. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவு. இரண்டுக்கும் கரு பிரகாசமானது, 400 மி.மீ. குவியத் தூரத்தில் இரண்டும் ஒரே சட்டத்தில் அழகாக அடங்கும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் எம் 83-ஐ எடுக்கலாம்.

அமாவாசையை ஒட்டிய இரவாகப் பாருங்கள். கேலக்ஸி அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே ஏறிய பிறகே தொடங்குங்கள். அதற்குக் கீழே வெளிச்ச மூட்டம் அடர்த்தியாக இருக்கும்.

கருவிகள்

பணத்தை முதலில் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டில் போடுங்கள், தொலைநோக்கி அப்புறம். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் ஈக்குவடோரியல் மவுண்ட் இருந்தால் மணிக்கணக்கில் ஒளி சேர்ப்பது சுலபம்.

ஃபில்டர் விஷயத்தில் கவனம். நெபுலாவுக்கு (ஒளிரும் வாயு மேகம்) பிரமாதமாக உதவும் குறுகிய அலைவரிசை ஃபில்டர்கள் கேலக்ஸிக்கு உதவாது. நெபுலா சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் ஒளிர்கிறது. கேலக்ஸியின் ஒளியோ நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு. ஃபில்டர் வானத்தோடு சேர்த்துக் கேலக்ஸியையும் வெட்டிவிடும்.

படம் எடுக்கும் இரவு

மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு (வானம் சுற்றுவதுபோலத் தெரியும் மையப் புள்ளி) நேராக்குங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து, பாட்டினோவ் மாஸ்க் (தொலைநோக்கியின் வாயில் மாட்டும், கீற்றுகள் வெட்டிய மூடி) போட்டு ஃபோகஸ் செய்யுங்கள்; மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள். ரா ஃபார்மட், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. எஃப்/6 தொலைநோக்கி என்றால் 60 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, கால் பங்கு தூரத்தில் நின்றால் சரி. வான வெளிச்சமே அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு படத்தை 5 நிமிடத்துக்கு நீட்டுவதால் லாபமில்லை. நட்சத்திரங்கள் வெளுத்துப்போவதுதான் மிச்சம். 60 விநாடிப் படம் 240 எடுத்தால் 4 மணி நேரம். சில படங்களுக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துங்கள். சென்சாரின் குறைகள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இது உதவும்.

முதல் படத்தில் பழுப்பு வானமும் சில நட்சத்திரங்களும்தான் தெரியும். கணக்கை நினைவில் வைத்துத் தொடருங்கள்.

ஃபிளாட் எடுக்காமல் படுக்கப் போகாதீர்கள்

நாம் தேடும் ஒளி வானத்தில் நூற்றில் ஒரு பங்கு. லென்ஸின் ஓர இருட்டும் சென்சார் மேல் கிடக்கும் தூசியின் நிழலும் அதைவிடப் பெரிய வித்தியாசங்களை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்வது, சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் ஃபிளாட் பிரேம் மட்டுமே. கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸைத் தொடாமல், தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமின்றிக் கட்டி, சீரான வெளிச்சத்தில் 30 படம் எடுங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே 60 விநாடியில் 20 அல்லது 30 டார்க் பிரேம் (சென்சாரின் சொந்தக் குறைகளை மட்டும் பதியும் இருட்டுப் படம்). நகரத்து வானில் டார்க்கைவிட ஃபிளாட்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

கணினியில்

சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டும் இலவசம். இரண்டில் ஒன்றில் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டாக் செய்யுங்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்குங்கள். அடுத்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பின்னணி வெளிச்சத்தைக் கழிப்பது, பிறகு நிறத் திருத்தம், கடைசியில்தான் ஸ்ட்ரெட்ச் (மங்கிய பகுதிகளைப் பிரகாசமாக்குவது). பின்னணிக்கான மாதிரிப் புள்ளிகளைக் கேலக்ஸியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். புள்ளி சுருள்கையின் மேல் விழுந்தால் அந்தக் கையையும் சேர்த்து மென்பொருள் கழித்துவிடும். ஸ்ட்ரெட்ச் செய்யும்போது பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்காமல் அடர் சாம்பலாக விடுங்கள். மங்கிய கைகள் அந்தச் சாம்பலுக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன.

அடுத்த தெளிந்த இரவில் புதிய கேலக்ஸிக்குத் தாவாமல் இதே ஜோடியை மறுபடி எடுங்கள். கேமராவைக் கழற்றியிருந்தால் அந்த இரவுக்குத் தனி ஃபிளாட் வேண்டும். 4 மணி நேரம் 16 மணி நேரமானால், கேலக்ஸியோடு ஒப்பிடும்போது இரைச்சல், அதாவது முதலில் சொன்ன ஏற்ற இறக்கம், பாதியாகக் குறையும்.