மோட்டார் பெட்டிக்குள் ஒரு மாய 8085: எமுலேட்டரில் குறுக்கீடுகளைக் கையாளும் முறை

பொறியியலோ பாலிடெக்னிக்கோ படித்தவர்களுக்கு 8085 என்ற நுண்செயலிச் சிப் புதிதல்ல. அதன் கட்டளைகளை வரிசையாக இயக்கும் எமுலேட்டரையும், அதாவது அந்தச் சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் கணினி நிரலையும், பொறுமை இருந்தால் எழுதிவிடலாம். குறுக்கீடு, அதாவது ஓடும் வேலையை நிறுத்தி என்னைக் கவனி என்று வெளியிலிருந்து வரும் அழைப்பு, என்று வந்ததும்தான் பலருக்கும் தடுமாற்றம். நிகழ்வு வந்து சேர்வதையும் சிப் அதை ஏற்பதையும் ஒரே வேலையாக எழுதிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் பிரித்தே எழுதுவோம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் டெல்டாவின் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு போர்வெல்தான் கதி. மன்னார்குடிப் பக்கத்துக் கொல்லை ஒன்றில் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 8085 இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை எமுலேட்டரில் கட்டுவோம்.

படி 1: எந்த நிகழ்வு எந்தப் பின்னில்?

பின் என்பது சிப்பின் கால். மின்சாரம் போகப்போகிறது என்ற எச்சரிக்கை டிராப் பின்னுக்கு. டைமர் துடிப்பு ஆர்எஸ்டி 7.5-க்கு. குழாயில் தண்ணீர் இல்லை என்று சொல்லும் உணர்வி 6.5-க்கு. பொத்தான் 5.5-க்கு. முன்னுரிமையும் இதே வரிசைதான். தாவ வேண்டிய முகவரியைப் பெயரே சொல்லிவிடும், எட்டால் பெருக்கினால் போதும்: 5.5-க்கு 44, 6.5-க்கு 52, 7.5-க்கு 60. டிராப் உண்மையில் 4.5, அதன் முகவரி 36. எல்லாம் பதின்ம எண்கள்.

படி 2: நினைவில் நிற்பதும் நிற்காததும்

டைமர் துடிப்பு வந்த வேகத்தில் போய்விடும். அதனால் 7.5 பின் உயரும் கணத்தை சிப்புக்குள் இருக்கும் ஒரு ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட் நினைவு) பிடித்துவைக்கிறது; குறுக்கீடு ஏற்கப்பட்டதும் அது அழியும். 6.5, 5.5 இரண்டுக்கும் அப்படி நினைவு கிடையாது. பார்க்கும் நேரத்தில் பின் உயர்ந்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எனவே 7.5-க்குத் தனி மாறி ஒன்று வையுங்கள். மற்ற இரண்டுக்கும் பின்னின் இப்போதைய நிலை போதும்.

படி 3: முதன்மைச் சுழல்

ஓடும்வரை:
– நேரம் வந்துவிட்ட நிகழ்வுகளைப் பின்களில் பதி
– ஏற்கத்தக்க குறுக்கீடு இருந்தால் ஏற்றுக்கொள்
– இல்லையென்றால் ஒரு கட்டளையை இயக்கு
– செலவான கடிகாரத் துடிப்புகளைக் கூட்டு

ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மட்டுமே குறுக்கீட்டைப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் யாரோ விசையைத் தட்டினால், அந்தச் செய்தி வேறொரு த்ரெட்டிலிருந்து (இணையாக ஓடும் நிரல் பகுதியிலிருந்து) வரக்கூடும். அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுன்ட்டரை அது தொடவே கூடாது. வரிசையில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு அது போய்விடட்டும்.

ஏற்பது என்றால், குறுக்கீடுகளுக்கான அனுமதிக் கொடியை இறக்கி, புரோகிராம் கவுன்ட்டரின் இரண்டு பைட்டுகளையும் ஸ்டாக்கில் (திரும்பிவர வேண்டிய முகவரியைச் சேமிக்கும் நினைவிடத்தில்) தள்ளி, முகவரிக்குத் தாவி, 12 துடிப்புகளைக் கணக்கில் சேர்ப்பது. குறிப்பிட்ட பின்களை மூட சிம் கட்டளை வைக்கும் மாஸ்க்கும் அனுமதிக் கொடியும் டிராப்பைத் தடுக்காது.

படி 4: ஈ.ஐ. கட்டளை

இங்கே அவசரம் கூடாது. அனுமதிக் கொடியை ஏற்றும் ஈ.ஐ. உடனே பலிக்காது, அதற்கு அடுத்த கட்டளையும் முடிந்த பிறகே குறுக்கீடுகளுக்குக் கதவு திறக்கும். குறுக்கீட்டைக் கையாளும் நிரல் வழக்கமாக ஈ.ஐ., ரிட்டர்ன் என்ற இரண்டோடு முடிவதால்தான் இந்த ஏற்பாடு. உங்கள் எமுலேட்டர் உடனே திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் உணர்வி இன்னும் உயர்ந்தே இருக்கிறது. ரிட்டர்ன் ஓடும் முன்பே அடுத்த குறுக்கீடு, ஸ்டாக்கில் இன்னும் 2 பைட். மறுபடியும் 2 பைட். கடைசியில் ஸ்டாக் கீழே இறங்கி நிரலையே அழித்துவிடும்.

தாமதத்தைச் சரியாக எழுதினால் ஸ்டாக் தப்பிக்கும். ஆனால் முதன்மை நிரல் அப்போதும் ஓர் அடிகூட நகராது, ஏனெனில் திரும்பிவந்த உடனே குறுக்கீடு மறுபடியும் இழுத்துக்கொள்ளும். அதை எமுலேட்டரின் பிழை என்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள். நிஜச் சிப்பும் அப்படித்தான் நடந்துகொள்ளும். கையாளும் நிரல்தான் சிம் கட்டளையால் 6.5-ஐ மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

படி 5: நேரமும் ஹால்ட்டும்

கடிகாரத்துக்கான 6 மெகாஹெர்ட்ஸ் படிகம் உள்ளே இரண்டால் வகுபட்டு 3 ஆகிறது. நொடிக்கு 30 லட்சம் துடிப்புகள். 10 மில்லிநொடி டைமர் வேண்டுமா? 30,000 துடிப்புகள் கழித்து என்று குறித்துவையுங்கள். லேப்டாப்பின் கடிகாரத்தைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக ஓடும், பிழை தேட முடியாது.

குறுக்கீடு வரும்வரை சிப்பைத் தூங்கவைக்கும் ஹால்ட் கட்டளை வந்தால் சும்மா சுற்றிக்கொண்டிருக்காமல், துடிப்பு எண்ணிக்கையை அடுத்த நிகழ்வின் நேரத்துக்கே நகர்த்திவிடலாம். எழுந்ததும் ஸ்டாக்கில் போக வேண்டியது ஹால்ட்டுக்கு அடுத்த கட்டளையின் முகவரி. ஹால்ட்டின் முகவரியையே தள்ளினால் திரும்பிவந்து மறுபடியும் தூங்கும்.

படி 6: சோதனை

உணர்வியை உயர்த்தியே வைத்து ஓடவிட்டு, ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயின்டரை அச்சிடுங்கள். ஒவ்வொரு ரிட்டர்னுக்குப் பிறகும் அதே எண் வர வேண்டும். அடுத்து 7.5, 5.5 இரண்டையும் ஒரே துடிப்பில் எழுப்பி, 60 முதலில் வருகிறதா என்று பாருங்கள். ஐஎன்டிஆர் என்ற இன்னொரு குறுக்கீட்டுப் பின்னை இங்கே விட்டுவிட்டேன். அதற்கு வெளியிலிருந்து ஒரு சிப் கட்டளை பைட்டை ஊட்ட வேண்டும். இந்த மோட்டார் பெட்டிக்கு அது தேவையில்லை.